சில நிமிடக் கேள்விகள்

ஈப்போவைச் சுற்றி வளர்ந்த எவரும் தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊர்ப்பெயரைக் கேலிச்சொல்லாகக் கேட்டிருப்பர். யாராவது சற்று மாறுபட்டு நடந்துகொண்டால் போதும், “உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். பேராக் மாநிலத்தோடு நில்லாமல் நாடு முழுவதும் பரவிவிட்ட கேலி இது. இதற்குக் காரணம் 1911ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை. இன்று அது உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்று அழைக்கப்படுகிறது. ‘பஹாகியா’ என்னும் மலாய்ச்சொல்லுக்கு மகிழ்ச்சி என்று பொருள். மருத்துவமனையின் பெயர் மாறியது; கேலி மாறவில்லை.

அம்மருத்துவமனை தொடங்கிய காலத்தில் மனநோய்க்கு நல்ல மருந்துகள் இல்லை. அத்தகைய மருந்துகள் 1950களில்தான் உலகில் புழக்கத்திற்கு வந்தன. எனவே, அதற்கு முன்பு உள்ளே போனவர்களில் பலர் நெடுங்காலம் அங்கேயே இருக்க நேர்ந்தது. அந்த அச்சம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது. மனம் சரியில்லை என்பதை வெளியே சொன்னால் அந்த ஊர்ப்பெயர் தன்மேல் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து மறைத்தவர்கள் எத்தனையோ பேர். மறைத்த நோய் வளர்ந்தது. சிகிச்சைக்கு வந்தபோது காலம் கடந்திருந்தது.

இவ்வாறு மறைந்திருப்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க மருத்துவர்கள் இன்று கையாளும் வழி மிக எளியது. அதற்கு ஊசி வேண்டாம், இரத்தம் எடுக்க வேண்டாம், கருவியும் வேண்டாம். சில கேள்விகள் போதும்.

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. கிந்தா வட்டாரத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. பிறகு நிலமும் விற்கப்பட்டது. குடும்பம் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு நகரத்து மலிவுவிலை அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. இப்போது அவர் இரவுநேரப் பாதுகாவலராக வேலை செய்கிறார். இனிப்பு நீர் நோய்க்கு மாத்திரை வாங்க அரசாங்கக் கிளினிக்குக்கு வந்திருக்கிறார். தாதி இரத்த அழுத்தத்தை அளந்த பிறகு, “ஐயா, கடந்த இரண்டு வாரங்களில் எதிலுமே விருப்பம் இல்லாமல் இருந்தீர்களா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தீர்களா? எத்தனை நாள் அப்படி இருந்தது?” என்று கேட்கிறார்.

அவர் சற்று யோசித்து, “மனசெல்லாம் ஒன்றும் இல்லைம்மா. தூக்கம்தான் வரமாட்டேங்குது. உடம்பு அசதியாக இருக்கு,” என்கிறார்.

நம் பெரியவர்களில் பலர் இப்படித்தான் பேசுவர். மனத்தின் வலியை உடம்பின் மொழியில் சொல்வர். தலை பாரமாக இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, சோறு இறங்கவில்லை என்பர். கேள்விகளை உருவாக்கியவர்களும் இதை அறிந்தே இருக்கின்றனர். மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் ஒன்பது கேள்விப் படிவம் 2001ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. தாதி கேட்டவை அதன் முதல் இரண்டு கேள்விகளே. மற்ற ஏழில் தூக்கம், களைப்பு, பசி ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளும் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ‘இல்லவே இல்லை’ என்றால் 0. ‘ஏறக்குறைய ஒவ்வொரு நாளும்’ என்றால் 3. மொத்தம் 27 புள்ளிகள். பொதுவாக 10 புள்ளிகளை எட்டினால், மருத்துவர் அவரோடு விரிவாகப் பேசிப் பார்க்க வேண்டும் என்பது கணக்கு.

இத்தகைய சோதனையை மலாய்மொழியில் ‘சாரிங்ஙான்’ என்பர். வடிகட்டுவது, சலிப்பது என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது. பொருத்தமான சொல்தான். வீட்டில் மாவு சலிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சல்லடையில் தங்குவதெல்லாம் கல் அல்ல. கட்டி தட்டிய நல்ல மாவும் அதில் தங்கும். சில வேளைகளில் சிறு கல் ஒன்று சல்லடைக் கண்ணில் நழுவிக் கீழேயும் விழுந்துவிடும். எது கல், எது மாவு என்பதைக் கையால் தொட்டுப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு பள்ளியில் 200 மாணவர்கள் இருப்பதாகவும், அவர்களுள் 20 பேருக்கு உண்மையிலேயே மனச்சோர்வு இருப்பதாகவும் கொள்வோம். நம் கேள்விப் படிவம் பாதிக்கப்பட்ட பத்துப் பேரில் எட்டுப் பேரைக் கண்டுபிடித்துவிடும் என்போம். அப்படியானால் 20 பேரில் 16 பேர் சிக்குவர். 4 பேர் நழுவிவிடுவர். பாதிக்கப்படாத பத்துப் பேரில் ஒருவரை அது தவறாகச் சுட்டும் என்போம். மீதமுள்ள 180 பேரில் 18 பேர் அப்படிச் சிக்குவர். ஆக, சல்லடையில் நின்றவர்கள் 34 பேர். அவர்களுள் உண்மையில் மனச்சோர்வு உள்ளவர்கள் 16 பேரே. பாதிக்கும் குறைவு!

அப்படியானால் சோதனை பயனற்றதா? இல்லை. 200 பேரையும் தனித்தனியே மணிக்கணக்கில் பேட்டி காண எந்தப் பள்ளியிலும் ஆள் இல்லை; 34 பேரோடு பேச முடியும். ஆனால், அந்த 34 பேரையும் நோயாளிகள் என்று அழைத்தால் 18 பேருக்கு அநீதி இழைத்தவர்கள் ஆவோம். செய்தித்தாள்களில் வரும் புள்ளிவிவரங்களைப் படிக்கும்போதும் இது நினைவில் இருக்க வேண்டும். நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில் 13 முதல் 17 வயதினரிடம் நடத்தப்பட்ட தேசிய ஆய்வில், ஏறத்தாழ நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. கவலை தரும் செய்திதான். எனினும், அந்த எண்ணிக்கை மாணவர்கள் நிரப்பிய படிவங்களிலிருந்து கிடைத்தது. மருத்துவர் ஒவ்வொருவரையும் பார்த்து உறுதிசெய்தது அன்று.

நாம் மீண்டும் கிளினிக்குக்குப் போவோம். தாதி அடுத்து, “ஐயா, குடிப்பழக்கம் உண்டா?” என்று கேட்கிறார். “கொஞ்சம்தாம்மா,” என்கிறார் அவர்.

இந்தக் ‘கொஞ்சம்’ என்னும் சொல்தான் மருத்துவர்களுக்குப் பெரிய புதிர். ஒருவரின் கொஞ்சம் மற்றொருவரின் நிறையவாக இருக்கும். ஜான் யூவிங் என்னும் அமெரிக்க மருத்துவர் 1984இல் வெளியிட்ட நான்கு கேள்விகள் இப்புதிரைச் சாமர்த்தியமாகத் தாண்டிச் சென்றன. குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்தீர்களா? பிறர் குறை சொன்னபோது எரிச்சல் வந்ததா? குடித்ததற்காக மனம் உறுத்தியதா? காலையில் எழுந்ததும் நடுக்கத்தைப் போக்கக் குடித்தது உண்டா? எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நான்கில் இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் மேலும் விசாரிக்க வேண்டும்.

அளவையும் கேட்டாக வேண்டும் என்று கருதியது உலகச் சுகாதார நிறுவனம். அது ஆஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்சிகோ, நார்வே, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஆராய்ந்து, பத்துக் கேள்விகள் கொண்ட படிவத்தை 1989இல் வெளியிட்டது. 40 புள்ளிகளில் 8 அல்லது அதற்குமேல் பெற்றால் குடி தீங்கை நோக்கிச் செல்கிறது என்று பொருள். இதில் அளவு என்பது தூய மதுசாரம் 10 கிராம். 330 மில்லிலீட்டர் பீர் டின்னில் மதுசாரம் 5 விழுக்காடு என்றால், அதில் ஏறத்தாழ 13 கிராம் இருக்கும். தோட்டப்புறங்களில் மலிவாகக் கிடைத்த சம்சு அப்படிப்பட்டதன்று. 150 மில்லிலீட்டர் கொண்ட ஒரு சிறு புட்டியில் 37 விழுக்காடு மதுசாரம் இருந்தால் அது சுமார் 44 கிராம். “ஒரே ஒரு புட்டிதான்” என்பவர் உண்மையில் நான்கு அளவுக்கு மேல் குடித்திருக்கிறார். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்காது. கணக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆகவே, கேட்பவருக்கு உள்ளூர்க் குவளையும் உள்ளூர்ப் புட்டியும் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தோட்டத்து மக்கள் என்றாலே குடி என்று பேசுவோர் உண்டு. கள்ளுக்கடைகளைத் தோட்டத்திற்குள் கொண்டுவந்தவர்கள் தொழிலாளர்கள் அல்லர். ஆங்கிலேயர் காலத்தில் அவை அரசாங்க உரிமத்தோடு நடந்தன. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களது கோரிக்கைகளுள் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தனர். தம்மிடையே உள்ள தீங்கை முதலில் கண்டுகொண்டவர்கள் அம்மக்களே.

இளையோருக்கு வேறு ஆபத்துகளும் உண்டு. அதனால்தான் புகையிலை, மது, கஞ்சா முதலிய பலவற்றையும் ஒரே படிவத்தில் கேட்கும் எட்டுக் கேள்விகளை உலகச் சுகாதார நிறுவனம் பின்னர் உருவாக்கியது. அதன் புள்ளிகள் ஒருவரைக் குறைந்த ஆபத்து, நடுத்தர ஆபத்து, அதிக ஆபத்து என்று வகைப்படுத்தும். நடுத்தர ஆபத்தில் இருப்பவர்களிடம் சுகாதாரப் பணியாளர் அங்கேயே சில நிமிடங்கள் பேசுவார். இந்தச் சிறு உரையாடலுக்குப் பயன் உண்டா என்று ஆஸ்திரேலியா, பிரேசில், இந்தியா, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளில் சோதித்துப் பார்த்தனர். 2012இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதங்களுக்குப் பிறகு உரையாடல் பெற்றவர்களின் புள்ளிகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தன. ஆனால், அமெரிக்காவில் மட்டும் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை.

அந்த உரையாடல் அறிவுரை அன்று. “குடிக்காதே, கெட்டுப்போவாய்” என்று சொல்வதற்கு ஒரு படிவம் தேவையில்லை. அதை ஊரே சொல்லும். புள்ளியைக் காட்டி, “இதைப் பார்க்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று கேட்பதே இதன் முறை. பிறகு பணியாளர் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

உண்மையைச் சொல்வதற்கு அச்சமற்ற சூழல் வேண்டும். ஒன்பது கேள்விப் படிவத்தின் இறுதிக் கேள்வி, உயிர் வாழ்வதில் வெறுப்பு வந்ததா என்பதைப் பற்றியது. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டுவரை தற்கொலை முயற்சி சட்டப்படி குற்றமாக இருந்தது. குற்றமாகக் கருதப்படும் ஒன்றை ஒருவர் எப்படி வாய்விட்டுச் சொல்வார்? அவ்வாண்டில் நாடாளுமன்றம் அந்தச் சட்டப்பிரிவை நீக்கியது. எனினும், படிவத்தை நிரப்பும்போது பக்கத்து மேசை நண்பன் எட்டிப் பார்த்தால் எந்த மாணவனும் ‘0’ என்றே எழுதுவான். ஆகவே, சோதனை தனிமையில் நடக்க வேண்டும். பதில்களைப் பள்ளியின் ஆலோசக ஆசிரியர் இரகசியமாகக் காக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்னும் நிலையில் மட்டும், உதவக்கூடியவரிடம் அவர் சொல்லியாக வேண்டும். அதையும் தொடக்கத்திலேயே மாணவரிடம் கூறிவிட வேண்டும்.

உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ அடுத்த சோதனைவரை காத்திருக்க முடியாத நிலை வரலாம். அப்போது நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். 15555 என்னும் எண்ணில் சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியும், 15999 என்னும் எண்ணில் ‘தாலியான் காசே’யும் உள்ளன. ஈப்போவில் ‘பிஃபிரெண்டர்ஸ்’ தொண்டர்களும் தொலைபேசியில் கேட்கக் காத்திருக்கின்றனர்.

சலித்த பின் என்ன என்பதே இறுதியில் முக்கியம். 1968இல் வில்சன், யுங்னர் என்னும் இருவர் உலகச் சுகாதார நிறுவனத்திற்காக எழுதிய நூல் நோய்ச் சோதனைக்குரிய நெறிகளை வகுத்தது. கண்டுபிடித்த நோய்க்குச் சிகிச்சை தரும் வசதி இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கேள்வி கேட்டுவிட்டு, பதிலைக் கோப்பில் வைத்து மூடுவது கேளாமல் இருப்பதைவிடக் கொடியது என்பேன். துணிந்து சொன்னவர் அடுத்த முறை வாய் திறக்கமாட்டார்.

நம் பாதுகாவலருக்கு ஒன்பது கேள்விகளில் 12 புள்ளிகளும், குடிப் படிவத்தில் 11 புள்ளிகளும் வந்தன. தாதி இரண்டையும் அவரிடம் காட்டினார். அவர் நெடுநேரம் தாளைப் பார்த்தார். “தூக்கம் வரணும்னுதான் குடிக்கிறேன்,” என்றார். “குடிச்சா விடியற்காலையில முழிப்பு வந்துடுது.” தாதி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தார். பிறகு அவரை மருத்துவரின் அறைக்கு அழைத்துச் சென்றார். மருத்துவர் அரைமணி நேரம் பேசினார். இனிப்பு நீர் அட்டையிலேயே அடுத்த சந்திப்புக்கான தேதியும் எழுதப்பட்டது: இரண்டு வாரம் கழித்து, காலை ஒன்பது மணி. இரவு வேலை முடிந்து நேரே வர அதுதான் அவருக்குத் தோதான நேரம்.