கதவு திறக்க 88 ஆண்டுகள்

மாணவர் பேரவை என்றால் நமக்குத் தேர்தல், போஸ்டர், கோஷம்தான் நினைவுக்கு வரும். பேரவைக்கென்றே தனிக் கட்டடம், அதற்குள் மாணவர்களே நடத்தும் உணவகம், படிப்பறை, விவாத அரங்கு என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்கலாம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கத்துக்கென்றே எழுந்த கட்டடம் ஒன்று இருக்கிறது. 'மெக்கின்டயர் கட்டடம்' என்பார்கள்.

அங்கே மாணவர் சங்கம் 1885இல் தொடங்கியது. ஜான் மெக்கின்டயர் என்ற மருத்துவரின் நன்கொடையில் அதற்குக் கட்டடம் எழுந்தது. சங்கத்தில் சேர ஒரு நிபந்தனை உண்டு: ஆணாக இருக்க வேண்டும். 1892இல் பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஒரே பாடம், ஒரே தேர்வு, ஒரே பட்டம். ஆனால் சங்கக் கதவு மட்டும் திறக்கவில்லை. பெண்கள் தங்களுக்கென்று 1890இலேயே 'குயின் மார்கரெட் சங்கம்' தொடங்கியிருந்தார்கள். 'அதுதான் இருக்கிறதே, அங்கே போங்கள்' என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பதில். தனிக் குவளையைப் பார்த்த நமக்கு இந்த நியாயம் புரியாததல்ல.

1930இல் ஆண்களுக்குப் பெரிய புதுக் கட்டடம் வந்தது. அவர்கள் காலி செய்த பழைய கட்டடம் பிறகு பெண்களின் சங்கத்துக்குப் போனது. 1968 வரை அங்கேதான் இருந்தார்கள்.

சாப்பாட்டு மேசைக்கும் நாற்காலிக்கும் இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். பிரிட்டனின் தொழிற்கட்சிக்குத் தலைவரான ஜான் ஸ்மித், ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அமைந்தபோது முதல் அமைச்சரான டொனால்ட் டூவர் இருவரும் அந்த ஆண்கள் சங்கத்து விவாத மேடையில் பேசிப் பழகியவர்கள். அந்த மேடை அதிகாரத்துக்குப் போகும் படிக்கட்டு. படிக்கட்டில் கால் வைக்கவே விடாமல், மேலே ஏறத் திறமை போதவில்லை என்று பிறகு சொல்வது எல்லா நாட்டிலும் நடக்கிறது.

இன்னொரு செய்தி. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசை எதிர்த்த ஆல்பர்ட் லுத்துலியை 1962இல் கிளாஸ்கோ மாணவர்கள் தங்கள் ரெக்டராகத் தேர்ந்தெடுத்தார்கள். ரெக்டர் என்பவர் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில் மாணவர்களின் பிரதிநிதி. நாட்டை விட்டு வெளியேற முடியாதபடி லுத்துலிக்கு அந்த அரசு தடை போட்டிருந்தது. தடையை மதிக்காமல் அவருக்கு வாக்களித்தது பெருமைதான். ஆனால் அதே வளாகத்தில், தங்களோடு படித்த பெண்களுக்கு ஆண்கள் சங்கம் கதவைத் திறக்க இன்னும் 18 ஆண்டுகள் ஆயின. தூரத்து அநீதி சட்டென்று கண்ணில் படுகிறது. வீட்டு வாசலில் இருப்பது படுவதில்லை. முற்போக்கு மேடைகளில் சாதியைப் பற்றிக் கேட்கும்போது நமக்கும் இந்த அனுபவம் உண்டு.

பெண்கள் சங்கம் 1979இல் ஆண்களைச் சேர்த்தது. ஆண்கள் சங்கம் 1980இல்தான் பெண்களைச் சேர்த்தது. அடைக்கப்பட்டவர்களே முதலில் திறந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். திறந்த பிறகும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2013இல் அந்தச் சங்கத்தின் விவாதப் போட்டியில் பேசிய இரண்டு மாணவிகளைப் பெண் என்பதற்காகவே சிலர் கூச்சலிட்டுக் கேலி செய்தது பத்திரிகைகளில் பெரிதாக வந்தது.

மெக்கின்டயர் கட்டடத்தில் இப்போது மாணவர் பிரதிநிதிகள் பேரவை இயங்குகிறது. அதன் ஆலோசனை மையத்துக்கு எந்த மாணவரும் போகலாம். தேர்வு முடிவை எதிர்த்து மேல்முறையீடு, வாடகை வீட்டுத் தகராறு, பணக் கஷ்டம் எதுவானாலும் உட்காரவைத்துக் கேட்கிறார்கள். கட்டணம் கிடையாது.