ஒளியால் திறக்கும் வாயில்

பெல்மதுளைப் பகுதியில் கைவிடப்பட்ட இரத்தினக்கற் குழிகளில் தேங்கும் மழைநீர் நாளடைவில் பசுமை நிறம் பெறுதலை அவ்வூரார் அறிவர். அந்நிறத்தைத் தருவன தனித்தனியே கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகள். உலகெங்கும் நன்னீரிலும் ஈரமண்ணிலும் வாழும் கிளமிடோமோனாசு இவ்வினத்தைச் சார்ந்தது. மூளையும் நரம்பும் இல்லாத இவ்வொருகல உயிர், ஒளியை உணர்ந்து அதனை நோக்கி நீந்துகின்றது. இஃது எங்ஙனம் நிகழ்கின்றது?

அதன் கலமென்சவ்விலுள்ள சானல்ரொடொப்சின் என்னும் புரதமே இதற்குக் காரணம். ஒளி பட்டதும் இப்புரதம் தானே திறந்து அயன்களைச் செல்லவிடும் வாயில் என்பதை நேகல், ஹெகமன், பாம்பெர்க் முதலிய ஜெர்மானிய விஞ்ஞானிகள் 2002, 2003 ஆம் ஆண்டுகளில் நிறுவினர். இவ்வாயிலின் திறவுகோல், விற்றமின் 'ஏ'யினின்று தோன்றும் இரெற்றினல் என்னும் சிறு மூலக்கூறாகும். நீண்டு கிடக்கும் அது ஒளியை ஏற்றதும் ஓரிடத்தில் முறுகி வளைகின்றது. அதனால் சூழவுள்ள ஏழு புரதச் சுருள்கள் சற்றே இடம்பெயர, நடுவே நீர் புகுந்து அயன்களுக்கு வழி உண்டாகின்றது.

இவ்வினப் புரதமொன்றின் பளிங்கமைப்பை ஜப்பானிய ஆய்வாளர் 2012 இல் வெளியிட்டனர். எனினும் அது மூடிய வாயிலின் அசையாப் படமே. திறக்கும் இயக்கத்தைக் காணக் கணினி வேண்டப்படுகின்றது. ஒவ்வோர் அணுவின் இடத்தையும், அதன்மேல் ஏனைய அணுக்கள் செலுத்தும் விசையையும் கணித்து, நியூற்றனின் விதிப்படி அதனைச் சிறிது நகர்த்தி, மீண்டும் கணிப்பதே இம்முறை. ஒரு படியின் காலம், செக்கனை நூறு கோடி கூறாக்கி, அக்கூறொன்றைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் வரும் அளவினது. ஆகவே ஒரு மில்லிசெக்கன் இயக்கத்துக்கு ஓர் இலட்சம் கோடி படிகள் வேண்டும்!

கண்ணின் ரொடொப்சினில் இரெற்றினல் முறுகுதலை வார்ஷெல் 1976 இலேயே கணினியால் ஆராய்ந்தார். அவரும் கார்ப்பிளசு, லெவிற்று ஆகியோரும் 2013 இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு பெற்றனர். தமிழகத்துக்கும் இத்துறையில் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும், அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் புரதச்சங்கிலி எவ்வெக் கோணங்களில் திரும்பலாம் என்பதைக் கணித்து 1963 இல் வெளியிட்ட படம், இன்றும் புரத அமைப்புகளைச் சோதிக்கும் உரைகல்லாக விளங்குகின்றது.

ஆயினும் கணினி காட்டுவது காட்சியளவை அன்று, கருதலளவையே. அது கையாளும் விசைச் சூத்திரங்கள் தோராயமானவை. ஒளியேற்ற பிணைப்பு முறுகுதலைக் கணிக்கக் குவாண்டம் கொள்கையும் வேண்டும். எனவே, இன்ன அமினோவமிலமே கதவைத் தடுக்கின்றது எனக் கணினி கூறின், ஆய்வாளர் அதனை மாற்றிய புரதத்தை ஆக்கி, அதனூடு பாயும் மின்னோட்டத்தை அளந்து பார்ப்பர். அளவீடு மறுப்பின் கணிப்பே திருத்தப்படும்.

இவ்வுழைப்பு வீண்போவதன்று. பாசிப் புரதமொன்றின் மரபணுவை விழித்திரைக் கலங்களிற் செலுத்தியும், ஒளியைப் பெருக்கும் கண்ணாடியை அணிவித்தும், பார்வையிழந்த ஒருவர் மேசைமேலுள்ள பொருள்களை ஓரளவு உணர்ந்த செய்தி 2021 இல் வெளியாயிற்று. குறைந்த ஒளியிலும் திறக்கும் வாயில் அமையின் அத்தகையோர் பெரும்பயன் பெறுவர். அதனை அமைக்க, வாயில் திறக்கும் முறையை அணு அணுவாக அறிதல் இன்றியமையாதது.