முதலமடையில் ஒரு நாள் நடை

பாலக்காட்டிற்கும் பொள்ளாச்சிக்கும் இடையேயுள்ள சிறு புகைவண்டி நிலையம் முதலமடை. மாம்பழத்திற்குப் பெயர் பெற்ற ஊர். மாமரங்கள் பூத்திருந்த பருவத்தில், ஒரு நாள் விடியற்காலை அங்கு இறங்கிக் கட்டுச்சோற்று மூட்டையுடன் தெற்கு நோக்கி நடக்கலானோம். வழிநெடுக மாந்தோப்புகள், எதிரே நெல்லியாம்பதி மலை. கடைத்தெருக்களில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலித்தன. சுள்ளியாறு அணையருகே பசியாறினோம்.

உச்சிப்பொழுது கடந்து, காட்டின் விளிம்பிலுள்ள செம்மணாம்பதியை அடைந்தோம். அப்பால் அனுமதியின்றிச் செல்லலாகாது. மலைக்கு அப்புறம் பரம்பிக்குளம். அதுவும் இதே முதலமடை ஊராட்சியைச் சேர்ந்ததே! ஆயினும், அங்கு வாழும் காடர், மலசர் முதலிய பழங்குடியினர் தம் ஊராட்சி அலுவலகத்திற்கு வண்டியில் வரவேண்டுமாயின், டாப்சிலிப், சேத்துமடை வழியே தமிழ்நாட்டிற்குள் இறங்கிச் சுற்றியே வரவேண்டியிருந்தது. அவசரத்திற்குக் காட்டு ஒற்றையடிப் பாதையே கதி. நோயுற்றோரைத் தூளியில் சுமந்து இறங்கினார்கள். இத்துயர் பொறாது, பரம்பிக்குளத்துத் தேக்கடிக் குடியிருப்பினர் 2020-இல் தாமே மண்வெட்டி ஏந்திச் செம்மணாம்பதிக்குப் பாதை வெட்ட முற்பட்டனர். இத்தேக்கடி, இடுக்கி மாவட்டத்துத் தேக்கடியன்று.

பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்த நமக்குத் தொலைவு புதிதன்று. சொந்த ஊராட்சிக்குள்ளேயே மக்கள் இவ்வளவு தொலைவில் வாழ்வதை அன்றுதான் அறிந்தோம். மாலையில் திரும்பி நடக்கையில், கால்வலியைப் பற்றி எம்மில் எவரும் வாய் திறக்கவில்லை.