வேலியோரத்து இலந்தையை நற்கனி மரமாக்கும் முறை

வானம் பார்த்த நிலங்களில் தானே முளைத்து நிற்கும் காட்டிலந்தையை நாம் வேலி முள்ளுக்கு மட்டுமே பயன்படுத்துகிறோம். வறட்சியைத் தாங்கி ஆழமாக வேரோடிய அது, உண்மையில் ஒரு நற்கனி மரத்தின் பாதியாகும். மறுபாதியை ஒரேயொரு மொட்டைக் கொண்டு நாமே அமைத்துக்கொள்ளலாம். இதனையே மொட்டு ஒட்டுதல் என்பர்.

நல்ல பழத்தின் கொட்டையை ஊன்றினால் ஆகாதா என்று அங்கத்தினர்கள் கேட்பதுண்டு. இலந்தை பெரும்பாலும் அயல் மகரந்தத்தால் காய்ப்பது. ஆதலின் கொட்டைச் செடி தாயை ஒத்திருக்கும் என்ற உறுதியில்லை. மொட்டோ தாய்மரத்தின் உறுப்பேயாதலால், கோலா, உம்ரான் போன்ற உயர்ந்த இரகங்களின் குணம் மாறாது வரும். மேலும், இலந்தையின் ஆணிவேர் பெயர்த்து நடுவதை எளிதில் பொறுக்காது. நின்ற இடத்திலேயே ஒட்டினால் அவ்விடர் இல்லை.

பங்குனி, சித்திரையில் காட்டு மரத்தைத் தரையிலிருந்து ஏறக்குறைய ஓரடி உயரத்தில் வெட்டிவிட வேண்டும். துளிர்ப்பனவற்றுள் நேரான, வலுவுள்ள இரண்டொன்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றை நீக்குக. அவை பென்சில் பருமனாகி, பட்டை எளிதில் உரியும் ஆடி, ஆவணி மாதங்களே ஒட்டுவதற்கு ஏற்ற பருவம்.

துளிரின் வழவழப்பான பகுதியில், கூரிய கத்தியால் குறுக்கே அரை அங்குலமும், அதன் நடுவிலிருந்து கீழ்நோக்கி ஓர் அங்குலத்திற்குச் சற்று மேலும் பட்டையை மட்டும் கீறுக. நல்ல மரத்தின் முற்றிய இளங்கிளையிலிருந்து, இலையை அறுத்துக் காம்பை மட்டும் விட்டு, மொட்டைப் பட்டையுடன் கேடய வடிவில் சீவி எடுக்க வேண்டும். அதனைத் தலைகீழாகாமல் கீறலுக்குள் மேலிருந்து செருகி, மொட்டு மட்டும் வெளியே தெரியுமாறு பாலித்தீன் நாடாவாலோ வாழைநாராலோ இறுகக் கட்டுக.

பட்டைக்கும் கட்டைக்கும் இடையே வளரும் தன்மையுள்ள மெல்லிய படலம் ஒன்று உண்டு. இரு மரங்களின் படலங்களும் ஈரம் உலராமல் பொருந்தினால்தான் ஒட்டுக் கூடும். ஆகவே, விரைவும் தூய்மையும் இன்றியமையாதன. அறுந்த இழையை நொடியில் பிணைக்கும் நெசவாளர் கைக்கு இது எளிதில் வசப்படும்.

இரண்டு, மூன்று வாரங்களில் காம்பு தொட்டவுடன் உதிர்ந்து, மொட்டுப் பசுமையாக இருந்தால் வெற்றி. காம்பு கருகி ஒட்டிக்கொண்டிருந்தால் வேறு துளிரில் மீண்டும் ஒட்டலாம். கூடிய பின் கட்டை அவிழ்த்து, மொட்டுக்குச் சற்று மேலே துளிரை வெட்டிவிடுக.

பலர் தவறுவது இதற்குப் பின்னர்தான். ஒட்டுக்குக் கீழே காட்டுத் துளிர்கள் விடாது கிளம்பும். அவற்றை அவ்வப்போது கிள்ளாவிட்டால், அவை ஒட்டை அமுக்கிவிட, மரம் மீண்டும் காடாகிவிடும்.

கன்று போலியென்பது காய்த்த பின்னரே தெரியும்; அதற்குள் பணமும் காலமும் கழிந்துவிடும். ஆதலின், காயைக் கண்ணால் கண்ட மரத்திலேயே மொட்டு எடுங்கள். பல இரகங்கள் தம் மகரந்தத்தால் நன்கு காய்ப்பதில்லை. எனவே இரண்டு இரகங்களை வைத்தல் நலம். ஒவ்வொரு சங்கமும் இத்தகைய தாய்மரங்கள் இரண்டினைப் பேணினால், அங்கத்தினர் அனைவருக்கும் செலவின்றி மொட்டு வழங்கலாம்.