இந்து பிலிமும் வெள்ளி அணுவும்

உதகமண்டலத்திலே இந்துநகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. இந்து என்றால் வடமொழியில் திங்கள். அந்தப் பெயரிலேயே புகைப்படச் சுருள்களும் எக்ஸ்ரே பிலிம்களும் செய்து நாடெங்கும் அனுப்பிய அரசுத் தொழிற்சாலை அங்கே இருந்தது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அந்நிறுவனம் 1960-இல் தோன்றி, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. நீலகிரியின் குளிர்ச்சியும் தூசு குறைந்த காற்றும் அத்தொழிலுக்கு உகந்தவை. பெயரும் பொருத்தமானதே. பழங்கால ஐரோப்பிய இரசவாதிகள் வெள்ளிக்குத் திங்களையே அடையாளமாக இட்டனர். பிலிமுக்கு உயிரோ வெள்ளி.

மாணவ நண்பர்களே, 1869-இல் ருஷ்ய அறிஞர் மெண்டலீஃப் வகுத்த ஆவர்த்தன அட்டவணையின் இன்றைய வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலப்புறத்தில், கடைசிக்கு முந்திய நிரலில், ஃபுளோரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகியவை ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும். இவற்றின் அணுக்களுக்கு வெளிக்கூட்டில் ஏழு எலெக்ட்ரான்கள். எட்டாவதைப் பெற இவை துடிக்கும். 47-ஆம் எண்ணுள்ள வெள்ளியோ வெளிக்கூட்டிலுள்ள ஒற்றை எலெக்ட்ரானைக் கொடுக்கக்கூடியது. ஒன்று கொடுக்க மற்றது கொள்ள, வெள்ளி புரோமைடு பிறக்கிறது. குளோரினும் அயோடினும் வெள்ளியோடு இவ்வாறே சேர்ந்து, நீரில் கரையாத, ஒளிபட்டால் கறுக்கும் பொருள்களைத் தருகின்றன. ஃபுளோரின் மட்டும் தனிப்போக்கு உடையது. அதன் வெள்ளிச் சேர்மம் நீரில் எளிதாகக் கரைந்துவிடும், பிலிமுக்கு உதவாது.

வெள்ளி புரோமைடு ஒரு சேர்மம். எந்த ஊரில் செய்தாலும் 100 கிராமில் 57 கிராமுக்குச் சற்று மிகுதியாக வெள்ளி இருக்கும். பிலிமின்மீது பூசப்படுவதோ ஒரு கலவை. புரோமைடின் நுண்ணிய படிகங்கள் ஜெலட்டினில் பரவி நிற்கின்றன. எதை எவ்வளவு கலப்பது என்பது செய்பவர் கைத்திறம். இந்த ஜெலட்டின் மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருவது. சில ஜெலட்டின்கள் மட்டும் பிலிமுக்கு மிகுந்த ஒளியுணர்வைத் தருவது ஏன் என்று கோடாக் ஆய்வுக்கூடத்து ஷெப்பர்டு என்பவர் தேடினார். மாடு தின்ற கடுகுச் செடி போன்றவற்றிலிருந்து வந்த கந்தகப் பொருளே காரணம் என்று 1925-இல் கண்டார்! இரசாயனத்தில் மாசும் சில வேளை மருந்தாகிறது.

ஒளி பட்டதும் புரோமைடு அயனியிலிருந்து ஓர் எலெக்ட்ரான் விடுபடுகிறது; வெள்ளி அயனி அதைப் பற்றி வெள்ளி அணுவாகிறது. ஒரு படிகத்தில் இத்தகைய அணுக்கள் நாலைந்து ஓரிடத்தில் சேர்ந்தாலே போதும். துலக்கும் கரைசல் அப்படிகம் முழுவதையும், அதாவது கோடிக்கணக்கான அயனிகளை, வெள்ளியாக மாற்றிவிடும். நான் மிகவும் வியப்பது இந்தப் பெருக்கத்தைத்தான். ஒளிபடாத புரோமைடை ஹைப்போ கரைசல் கரைத்துக்கொண்டு போகிறது. அக்கரைசலிலிருந்து வெள்ளியைத் திரும்பப் பிரித்தெடுக்கலாம். எத்தனை மாற்றம் கண்டாலும் அணுவின் கருவிலுள்ள 47 புரோட்டான்களில் ஒன்றும் குறைவதில்லை.

தொழிற்சாலைக்கு அந்த உறுதி வாய்க்கவில்லை. 1990-களிலேயே அது நலிவுற்றது. பிறகு பிலிம் வேண்டாத டிஜிட்டல் காமிராக்கள் பரவின. 2014-இல் மத்திய அரசு அதை மூட முடிவு செய்தது. அதை நம்பியிருந்த மலைக்குடும்பங்கள் பல.

உங்கள் வீட்டில் பழைய எக்ஸ்ரே பிலிம் இருந்தால் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறுப்பாகத் தெரிவது வெள்ளி. மிக நுண்ணிய துகளாக இருப்பதால் அதற்குப் பளபளப்பில்லை. எலும்பு தடுத்ததால் கதிர் குறைவாக எட்டிய இடம் வெளிறித் தெரியும். அங்கிருந்த வெள்ளியில் பெரும்பகுதி ஹைப்போவோடு போய்விட்டது.