மஸ்அலா இல்லாத விண்ணப்பம்

கற்போரின் உணவையும் உறைவிடத்தையும் கல்விக்கூடமே ஏற்கும் முறை நம் மரபுக்குப் புதியதன்று. 1067இல் பக்தாதில் திறக்கப்பட்ட நிஜாமிய்யா மத்ரஸா வக்ஃபு வருவாயினால் நடைபெற்றது. அதே நகரில் 1234இல் திறக்கப்பட்ட முஸ்தன்ஸிரிய்யாவில் நான்கு மத்ஹபுகளின் மாணவர்களுக்கும் உணவும் மாத உதவித்தொகையும் வழங்கப்பட்டன. இன்று மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ‘முழு நிதியுதவியுடன் முனைவர் பட்டம்’ என அறிவிக்கும்போது, இது பின்னாளில் வட்டியோடு திருப்பித் தரவேண்டிய கடனோ எனப் பெற்றோர் சிலர் நம்மிடம் வினவுகின்றனர். கடனன்று; இதில் வட்டிக்கும் இடமில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகளில் இந்நிதி பெரும்பாலும் ஐந்தாண்டுகளுக்கு உறுதி செய்யப்படுகிறது. கல்விக் கட்டணம் நீக்கப்படும். வாழ்க்கைச் செலவுக்குத் தொகையும் மருத்துவக் காப்பீடும் கிட்டும். அதற்கு ஈடாகச் சில பருவங்களில் இளங்கலை வகுப்புகளில் பேராசிரியருக்குத் துணையாசிரியராகப் பணியாற்ற வேண்டும். பிரிட்டனின் நடைமுறை வேறு. அங்கே சேர்க்கை ஒன்று, நிதி மற்றொன்று. இடம் கிடைத்தும் ஆக்ஸ்போர்டின் கிளாரெண்டன், கேம்பிரிட்ஜின் கேட்ஸ் போன்ற உதவித்தொகை கிடைக்காமையால் போக இயலாதவர் பலர்.

நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் ‘நெட்’ தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெறுவோர்க்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் அளிக்கப்படுகிறது. சிறுபான்மை மாணவர்க்கென 2009இல் தொடங்கப்பட்ட மௌலானா ஆஸாத் தேசிய உதவித்தொகையோ 2022–23 முதல் நிறுத்தப்படுவதாக 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அவ்வாசல் அடைபட்ட பின்னரே வெளிநாட்டு விண்ணப்பங்களைப் பற்றிய வினாக்கள் நம்மிடம் மிகுந்தன.

விண்ணப்பத்தின் உயிர்நாடி ‘நோக்கவுரை’ எனப்படும் இரண்டு அல்லது மூன்று பக்கக் கட்டுரையாகும். நம் மாணவர்கள் எழுதிக் காட்டும் நோக்கவுரைகள் பெரும்பாலும் தன் குடும்பம், தன் ஆர்வம், சமுதாயத்திற்குத் தான் ஆற்றவிருக்கும் தொண்டு என விரிந்து, சேரவிருக்கும் பல்கலைக்கழகத்தைப் புகழ்ந்து முடிகின்றன. அவற்றில் மஸ்அலா இல்லை. ஃபிக்ஹு வகுப்பில் கருத்து வேறுபாடு எழும்போது உஸ்தாது முதலில் செய்விப்பது யாது? ‘தஹ்ரீரு மஹல்லின் நிஸாஉ’, அதாவது சிக்கல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வரையறுத்தல். பேராசிரியர் குழு நோக்கவுரையில் தேடுவதும் அதனையே. ஏழாண்டுகள் இதில் பழகிய மாணவர் ஆங்கிலத்தில் எழுத அமர்ந்ததும் அதனை மறந்துவிடுவது வியப்பே.

காஞ்சிபுரத்தை அடுத்த தென்னேரியிலிருந்து ஒருவர் விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். ‘தென்னேரியின் வரலாறு’ என்று அவர் எழுதினால் அது தலைப்பு, மஸ்அலாவன்று. திரையன் ஏரி என்பதே தென்னேரியாயிற்று என்னும் வழக்கையும், ஊர்க் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளையும் தொகுத்து எழுதினும் அது ஊர்ப் பெருமையாகவே நிற்கும். அவ்வூரின் பேரேரியை வேறு விதமாக நோக்கலாம்.

நவாப் வாலாஜா முஹம்மது அலி 1763இல் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். (தென்னேரிக்கு அண்மையிலுள்ள வாலாஜாபாத் அவர் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது.) 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் அந்த ஜாகீரின் ஊர்களை அளந்தார். 1780 செப்டம்பரில் காஞ்சிக்கு அருகிலுள்ள புள்ளலூரில் ஹைதர் அலி, திப்பு ஆகியோரின் படை பெய்லியின் படையை முறியடித்தது. 1790களில் லயனல் பிளேஸ் என்னும் கலெக்டர் ஏரிகளைப் பழுதுபார்த்து, வருவாய் முறையை மாற்றியமைத்தார். நாற்பது ஆண்டுகளுக்குள் இத்தனை மாற்றங்கள்! இக்காலத்தில் ஏரிக்கரையைக் காத்தவர் யார்? மதகு திறக்கும் உரிமை எவரிடம் இருந்தது? ஊர்க்கணக்கர் ஓலையில் எழுதியதும், நவாபின் அலுவலர் பார்ஸியில் எழுதியதும், கம்பெனியார் ஆங்கிலத்தில் எழுதியதும் ஒத்துப்போகின்றனவா? ஒத்துப்போகவில்லையெனில் எவருடைய நலனுக்காக அவை வேறுபட்டன? இது மஸ்அலா.

இதனை எழுதிய பின் ‘உமக்கு முன் இதனைக் கூறியவர் யார்?’ என்னும் கேள்வி வரும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் யூஜின் இர்ஷிக் செங்கல்பட்டுப் பகுதியைக் களமாகக் கொண்டு 1994இல் ஒரு நூலை வெளியிட்டார். காலனிய அறிவு என்பது ஆங்கிலேயர் மட்டும் படைத்ததன்று, உள்ளூராருடன் நிகழ்ந்த உரையாடலில் விளைந்தது என்பது அவர் வாதம். அவ்வாதத்தைத் தான் எவ்விடத்தில் ஏற்கிறார், எந்த ஆவணத்தைக் கொண்டு மேலே செல்ல முயல்கிறார் என்பதை நம் மாணவர் நான்கு வரிகளிலாவது கூற வேண்டும். முந்தைய இமாம்களின் கூற்றை எடுத்துரைக்காமல் தன் கருத்தை மட்டும் கூறுபவரை நம் உஸ்தாதுகள் ஏற்பார்களா?

செய்தியை ஆராயும் முறையும் நமக்கு அந்நியமன்று. மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்களின் படையில் ஆறு லட்சம் பேர் இருந்தனர் என மஸ்ஊதீ முதலானோர் எழுதியதை இப்னு கல்தூன் தமது முகத்திமாவின் தொடக்கத்திலேயே மறுக்கிறார். அத்தனை பெரிய படை ஒரு களத்தில் அணிவகுத்துப் போரிட இயலுமா என்பது அவர் வினா. மதுராந்தகம் ஏரியை இராமர் காத்ததைப் பிளேஸ் கண்டதாகச் சொல்லப்படும் கதையையும் இவ்வாறே நோக்கலாம். அது நடந்ததா என்பதோடு வரலாற்றாசிரியர் நின்றுவிடுவதில்லை. அக்கதையை முதலில் எழுதியவர் யார், எப்போது, ஓர் ஆங்கிலக் கலெக்டரை ஏன் சாட்சியாக நிறுத்தினர் என்றும் கேட்பார். அறிவிப்பாளரை எடைபோடும் கலையைக் கற்றவர்க்கு இது எளிதில் கைவரும்.

நம் மாணவரின் தனிச்சிறப்பு மொழிகளே. ‘ஆயிர மசலா’ 1572இல் தமிழில் எழுந்தது. அதனையும் அதன் ஜாவா, மலாய் வடிவங்களையும் ஒப்பிட்டு 2011இல் விரிவான நூல் எழுதிய ரோனித் ரிச்சி, இம்மொழிகளில் பிறந்தவரல்லர், முயன்று கற்றவர். தமிழும் அரபியும் அரபுத்தமிழும் சிறுவயதிலேயே கைவரப்பெற்றவர்கள் இத்துறைக்கு வராமலிருப்பது நம் குறையே. நவாபுகளின் வரலாறான ‘துஸுகே வாலாஜாஹி’யை 1934 முதல் ஆங்கிலத்தில் தந்த முஹம்மது ஹுசைன் நயினாருக்குப் பின் அவ்வழியில் சென்றோர் எத்தனை பேர்? நம் மத்ரஸாக்கள் பலவற்றில் பார்ஸிப் பாடம் தேய்ந்துபோனதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தென்னேரி ஏரியைப் பற்றிய மேற்படி ஆய்வு பார்ஸி இல்லாமல் நடவாது.

பிற தேவைகளைச் சுருக்கமாகக் கூறுவோம். ஆலிம் ஸனது மட்டும் போதாது. பல்கலைக்கழக இளங்கலைப் பட்டம் வேண்டும். ஸனதைக் குறிப்பிடும்போது ‘மிஷ்காத், ஜலாலைன் ஓதினேன்’ என்றெழுதினால் அங்குள்ளோர்க்கு விளங்காது. எத்தனை ஆண்டுகள், எவ்வகை நூல்கள், அகராதியின்றி எதனைப் படிக்க இயலும் என விளக்க வேண்டும். அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடிவடைகின்றன. ஒவ்வொன்றுக்கும் நூறு டாலரை ஒட்டிய கட்டணம் உண்டு. வசதியற்றோர்க்கு விலக்கு அளிக்கும் இடங்களும் உள. ஆங்கிலத் தேர்ச்சிக்கு டோஃபல் அல்லது ஐஈஎல்டிஎஸ் தேவை. ஜிஆர்ஈ தேர்வைப் பல வரலாற்றுத் துறைகள் இப்போது கேட்பதில்லை. இடங்கள் சுருங்கி வருவதையும் அறிந்திருத்தல் நலம். பாஸ்டன் பல்கலைக்கழகம் 2025–26ஆம் ஆண்டுக்கு வரலாறு உள்ளிட்ட பல துறைகளில் முனைவர் பட்டச் சேர்க்கையையே நிறுத்தி வைத்தது. ஆதலால் வெளிநாட்டு விண்ணப்பத்தோடு ‘நெட்’ தேர்வையும் எழுதுவதே அறிவுடைமை.

மிகக் கடினமானது மாதிரிக் கட்டுரை. இருபது முதல் இருபத்தைந்து பக்க அளவில், மூல ஆவணங்களைக் கையாண்டு எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை இணைக்க வேண்டும். இதனை ஒரு மாதத்தில் எழுத முடியாது. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், அரபி, பார்ஸி சுவடிகளும் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் குறைந்தது ஓராண்டு முன்னதாகவே அமரத் தொடங்க வேண்டும்.

இறுதியாக, அரபிக் கல்லூரி ஆசிரியர்களாகிய நம் பங்கு. விண்ணப்பத்தோடு பொதுவாக மூன்று பரிந்துரைக் கடிதங்கள் செல்கின்றன. மாணவரின் தக்வாவையும் நல்லொழுக்கத்தையும் புகழ்ந்து நாம் எழுதித் தரும் நான்கு வரிகள் அங்கே பயன்படா. அவர் நம்மிடம் எந்நூலை எத்தனை மாதம் ஓதினார், எந்தப் பாடத்தில் நம்மை இடைமறித்து என்ன கேட்டார், நாம் கூறிய விடையை ஏற்றாரா, மறுத்தாரா, மறுத்தாரெனில் எந்த ஆதாரத்தைக் கொண்டு வந்தார் என ஒன்றரைப் பக்கம் எழுத வேண்டும்.