ஜமாஅத் பதிவேடும் கணினியும்: நடுவில் ஓர் 'உறை' ஏன் தேவை?

பாஸ்போர்ட்டுக்காக நிகாஹ் சான்று கேட்டு ஒரு குடும்பம் பள்ளிவாசலுக்கு வருகிறது. பதிவேடு கணினிக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. புதிய கணினியில் பழைய மென்பொருள் திறக்கவில்லை. அதை எழுதிக் கொடுத்த தம்பி வளைகுடாவில் இருக்கிறார். இந்த நிலை எந்த மஹல்லாவுக்கும் வரலாம்.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூர், ஆவணத்தால் இலக்கியத்தில் இடம்பெற்ற ஊர். பெரியபுராணம் கூறும் ஓலை வழக்கில், மணப்பந்தலில் காட்டிய படியோலை கிழிக்கப்பட்டது. ஆனால் இந்த ஊர்ச் சபையில் மூல ஓலை எடுத்துக்காட்டப்பட்டதால் வழக்கு நின்றது. கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனமே (2:282) திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் என்பதையும் நாம் அறிவோம். எழுதினால் மட்டும் போதாது, எழுதியதைக் காக்கவும் வேண்டும்.

கணினியில் பதிவுகள் இருக்கும் இடம் தரவுத்தளம் (டேட்டாபேஸ்). சந்தா ரசீது, நிகாஹ் பதிவு, மையவாடிக் கணக்கு என ஒவ்வொரு பக்கமும் அதனுடன் நேரடியாகப் பேசினால், தரவுத்தளத்தை மாற்றும் நாளில் எல்லாப் பக்கங்களையும் திருத்த வேண்டிவரும். நடுவில் ஒரு சிறு நிரல் தொகுப்பை வைத்து, எல்லாப் பக்கங்களும் அதன் வழியாகவே போகும்படி செய்வதுதான் 'ராப்பர்' எனப்படும் உறை நூலகம். பள்ளிவாசல் பெட்டகத்தின் சாவி ஒரே பொருளாளரிடம் இருப்பதைப் போன்றது இது.

தரவுத்தளத்தை மாற்ற வேண்டிய தேவை உண்மையிலேயே வருகிறது. மைஎஸ்கியூஎல் நிறுவனத்தை 2008-ல் சன் நிறுவனம் வாங்கியது. 2010-ல் சன் ஆரக்கிள் கைக்குப் போனது. இதற்கிடையே, 2009-ல் மைஎஸ்கியூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், அதன் திறந்த மூலத்திலிருந்து மரியாடிபியைத் தொடங்கினார். உறை வைத்திருந்தவர்களுக்கு இத்தகைய மாற்றத்தில் வேலை குறைவு.

நல்ல உறை செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, பெயர்களைப் பாதுகாப்பாக அனுப்புவது. 'சஅதிய்யா' போன்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒற்றை மேற்கோள் குறி வரும். தரவுத்தள மொழியிலோ அந்தக் குறி சொல் முடிந்ததைக் காட்டும். பெயரைக் கட்டளையோடு ஒட்டி அனுப்பினால் பதிவு நின்றுவிடும். களவு செய்வோர் நுழையும் வாசலும் இதுவே. உறை, கட்டளையை வேறாகவும் பெயரை வேறாகவும் அனுப்பும்.

இரண்டாவது, தமிழ் எழுத்து. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் இடம் வேண்டும். 'முஹம்மத்' என்பதற்கு 24 பைட். இணைப்பில் இந்த முறை குறிக்கப்படாவிட்டால் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடலாம். உறையில் ஒருமுறை குறித்தால் எல்லாப் பக்கங்களுக்கும் பொருந்தும்.

மூன்றாவது, கணக்கின் நேர்மை. பைத்துல்மாலில் தொகை கழிந்து, பயனாளியின் பெயரில் ஏறுவதற்குள் மின்சாரம் போனால்? இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டும் நடக்கவே கூடாது. இந்த நடைமுறையை உறை கட்டாயமாக்கும்.

சிறிய மஹல்லாவுக்குப் பெரிய சர்வர் தேவையில்லை. ரிச்சர்ட் ஹிப் 2000-ல் வெளியிட்ட எஸ்கியூலைட் போதும். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், ஆண்ட்ராய்டு போன்களிலும் அதுவே இருக்கிறது. அதற்கான உறை, பைத்தான் மொழியுடன் 2006-லிருந்தே சேர்ந்து வருகிறது. அதன்மேல் நம் தேவைக்கான சில கட்டளைகளைச் சேர்த்தால் போதும்: 'உறுப்பினரைச் சேர்', 'சந்தாவைப் பதி', 'சான்றை எடு'.

இணைக்கும்போது அவசரம் வேண்டாம். முதலில் பதிவுகளை நகலெடுத்து, நகலில் மட்டும் சோதிக்க வேண்டும். சந்தாப் பகுதியை மாற்றி, பழைய கூட்டுத்தொகையுடன் ஒப்பிட்ட பிறகே நிகாஹ் பகுதிக்குப் போக வேண்டும். பிறர் எழுதிய நூலகத்தை எடுத்தால் அதன் உரிம நிபந்தனையைப் படித்து, எழுதியவர் பெயரை நீக்காமல் வைப்பது அமானிதம். தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் கட்டளைகளில் சிறு வேறுபாடுகள் உண்டு என்பதால், உறை இருந்தாலும் மாற்றும்போது சோதனை தேவை.

நிரல் திறந்திருக்கலாம், மக்களின் விவரங்கள் திறந்திருக்கக் கூடாது. நிரலை வெளியிடும்போது கடவுச்சொல்லோ உறுப்பினர் பட்டியலோ அதில் ஒட்டியிருக்கக் கூடாது.

விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருளைக் கற்றுத்தரும் குனு/லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. கணினி படிக்கும் நம் பிள்ளைகள் இருவர் சேர்ந்து கற்று, செய்முறையையும் தமிழில் எழுதிவைத்தால், ஒருவர் வெளிநாடு போனாலும் வேலை நிற்காது. அடுத்த முறை சான்று கேட்டு வரும் குடும்பம் வெறுங்கையோடு திரும்பாது, இன்ஷா அல்லாஹ்.